குடிமக்கள் அறிவியலில் சேரும் மாணவருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே இருப்பவர்கள் பார்த்தும் எண்ணியும் அளந்தும் அனுப்பும் தரவை வைத்து ஆய்வு செய்வதைக் குடிமக்கள் அறிவியல் என்கிறார்கள். பட்டம் வேண்டாம், கட்டணமும் இல்லை. அறிவியல் படிக்கும் மாணவர்கள் சேரும்போது திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறோம்.

நான் அனுப்புவதை நிஜமாகவே யாராவது பயன்படுத்துகிறார்களா?

பயன்படுத்துகிறார்கள். 2007 ஜூலையில் தொடங்கிய கேலக்ஸி ஜூ திட்டத்தில் விண்மீன் மண்டலப் படங்களைப் பார்த்து, அது சுருள் வடிவமா நீள்வட்டமா என்று தன்னார்வலர்கள் பிரித்துக் கொடுத்தார்கள். அந்த வேலையில் இருந்த ஹன்னி வான் ஆர்க்கெல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை, ஒரு மண்டலத்துக்குப் பக்கத்தில் விசித்திரமான ஒளிப்படலம் ஒன்றைக் கவனித்து "இது என்ன?" என்று கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. அந்தப் பொருள் இன்று அவர் பெயரிலேயே வழங்குகிறது. கெப்ளர் தொலைநோக்கியின் தரவில் ஒரு விண்மீனின் ஒளி ஒழுங்கே இல்லாமல், சில சமயம் 20 சதவீதத்துக்கும் மேல் குறைவதை முதலில் சுட்டிக்காட்டியவர்கள் பிளானட் ஹண்டர்ஸ் என்ற கோள் தேடும் திட்டத்தின் தன்னார்வலர்கள். ஃபோல்டிட் என்ற புரத மடிப்பு விளையாட்டை ஆடியவர்கள், குரங்குகளைத் தாக்கும் ஒரு ரெட்ரோவைரஸின் நொதி அமைப்பைத் தீர்க்க உதவியது 2011-இல் வெளியானது.

இவை பேர் வாங்கிய கண்டுபிடிப்புகள். அன்றாடம் அதிகம் உதவுவது சலிக்காமல் சேரும் சாதாரணப் பதிவுகள்தான். 2019 கடைசியில் திருவாதிரை விண்மீன் மங்கத் தொடங்கி 2020 பிப்ரவரியில் ஒளிப்பொலிவெண் 1.6 வரை (விண்மீனின் ஒளியைக் குறிக்கும் எண் இது; எண் கூடினால் ஒளி குறைவு) இறங்கியபோது, அதை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட முடிந்ததற்குக் காரணம், பல பத்தாண்டுகளாகப் பலர் அதன் ஒளியை விடாமல் குறித்து வைத்திருந்ததே.

எத்தனையோ திட்டங்கள் இருக்கின்றன. எதில் தொடங்குவது?

ஒன்றில் மட்டும் தொடங்குங்கள். முதல் வாரமே ஐந்து திட்டங்களில் கணக்குத் திறப்பவர்கள் பெரும்பாலும் ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள்.

இருந்த இடத்திலேயே செய்ய வேண்டுமென்றால் ஜூனிவர்ஸ் தளத்தில் உள்ள பட வகைப்பாட்டுத் திட்டங்கள் வசதி. வெளியே நடக்கப் பிடிக்குமென்றால் செடி, பூச்சி, காளான் எல்லாவற்றுக்கும் ஐநேச்சுரலிஸ்ட், பறவைக்கு ஈபேர்ட். இரவு வானம் பிடிக்குமென்றால் ஒளிமாறும் விண்மீன்களைக் கண்ணால் மதிப்பிடும் வேலை. இதை 1911 முதல் ஒருங்கிணைத்து வருவது ஏஏவிஎஸ்ஓ என்ற அமைப்பு. இயற்பியலோ கணிதமோ படிப்பவர்களுக்கு இதையே முதலில் பரிந்துரைப்போம். அளவீடு, பிழை, காலமுறை மூன்றையும் ஒரே வேலையில் கற்றுத்தருவது இது.

என்ன கருவி வேண்டும்?

வகைப்பாட்டுக்குப் பெரிய திரை இருந்தால் நல்லது; போனில் செய்யும்போது சின்ன விவரங்கள் தப்பிவிடும். உயிரினப் பதிவுக்குப் போன் கேமரா போதும். பறவைக்கு 8×42 அல்லது 7×50 பைனாகுலர் இருந்தால் கூடுதல் வசதி. அதே பைனாகுலரால் 7, 8 ஒளிப்பொலிவெண் வரை மங்கும் விண்மீன்களையும் பார்க்கலாம். பிரகாசமான ஒளிமாறும் விண்மீன்களுக்கு வெறும் கண் போதும். ஒரு குறிப்பேடும் பென்சிலும் எல்லாவற்றுக்கும் கட்டாயம். போனில் நேரடியாக உள்ளிட்டாலும் மூலக்குறிப்பு தாளில் இருக்கட்டும். பின்னால் சந்தேகம் வரும்போது அதுதான் கைகொடுக்கும்.

படங்களை வகைப்படுத்தும்போது தப்பாகச் சொல்லிவிட்டால் ஆய்வு கெட்டுவிடாதா?

கெடாது. ஒரே படத்தைப் பலருக்குக் காட்டி, எல்லாப் பதில்களையும் சேர்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். உங்கள் வேலை, பயிற்சிப் பக்கத்தைப் படித்துவிட்டு, படத்தில் தெரிவதை அப்படியே சொல்வது. "மற்றவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்" என்று யோசித்துச் சொன்னால் உங்கள் பதிலுக்கு மதிப்பே இல்லாமல் போகிறது. தனித்தனியான பதில்களைச் சேர்ப்பதில்தான் இந்த முறையின் பலம் இருக்கிறது.

எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் மட்டுமே சிக்கல். கேலக்ஸி ஜூவின் முதல் சுற்றில் இடஞ்சுழிச் சுருள்கள் வலஞ்சுழிச் சுருள்களைவிட அதிகம் என்று முடிவு வந்தது. ஆய்வாளர்கள் அதே படங்களைக் கண்ணாடி பிம்பம்போலத் திருப்பிக் காட்டினார்கள். அப்போதும் இடஞ்சுழிதான் அதிகம் என்று பதில் வந்தது. சாய்வு வானத்தில் இல்லை, மனிதப் பார்வையில் இருந்தது. தரவைச் சரிபார்ப்பது என்றால் என்ன என்று புரிய இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

காட்டுக் கேமராப் படங்களில் பாதிக்கு மேல் வெறும் புல்லாக வந்தாலும் சலிக்காமல் "ஒன்றும் இல்லை" என்றே குறியுங்கள். ஏதாவது இருந்தாக வேண்டும் என்று நிழலை மிருகமாக்குவது புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

ஐநேச்சுரலிஸ்டில் என் பதிவு ஏன் "ஆய்வுத் தரம்" பெறவில்லை?

அதற்கு நாள், இடம், படம் அல்லது ஒலி ஆகியவை வேண்டும். உயிரினம் தானாக வளர்ந்ததாக இருக்க வேண்டும். குறைந்தது இருவர் அடையாளம் சொல்லி, சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போக வேண்டும். பெரும்பாலும் தட்டும் இடங்கள் இவை.

நட்டு வளர்த்த செடி. தொட்டிப்பூ, சாலையோரம் நட்ட மரம், கூண்டுப் பறவை எல்லாவற்றுக்கும் "வளர்க்கப்பட்டது" என்ற குறியை நீங்களே போட்டுவிடுங்கள். போடாவிட்டால் அந்த இனம் அங்கே இயற்கையாக வளர்வதாகப் பரவல் வரைபடத்தில் ஏறிவிடும்.

ஒரே பதிவில் பல உயிரினங்கள். ஒரு பதிவு, ஓர் உயிர். பூவும் அதன்மேல் உட்கார்ந்த தேனீயும் இரண்டு பதிவுகள். படம் ஒன்றாகவே இருக்கலாம்.

தொலைந்துபோன நேரமும் இடமும். செய்திச் செயலி வழியாக அனுப்பிய படத்தில் கேமரா பதித்த நேரமும் இடமும் நீக்கப்பட்டிருக்கும். எப்போதும் மூலப் படத்தையே ஏற்றுங்கள். வீட்டுக்கு வந்து ஏற்றும்போது வீட்டு இடம் பதிவாகிவிட்டதா என்றும் ஒருமுறை பாருங்கள். ஆற்று மீன் மாடிவீட்டில் பதிவாவது இப்படித்தான்.

இணையத்தில் எடுத்த படமோ நண்பர் எடுத்த படமோ வேண்டாம். நீங்கள் பார்த்ததற்கான சான்றுதான் பதிவு.

அடையாளம் காணும்படி படம் எடுப்பது எப்படி?

ஒரே படத்தில் எல்லாம் வராது. செடிக்குக் குறைந்தது நான்கு படம் எடுங்கள்: முழுச்செடி, தண்டில் இலை சேரும் விதம், இலையின் அடிப்பக்கம், பூ அல்லது காய். இலைகள் எதிரெதிரே இருக்கின்றனவா மாறி மாறி இருக்கின்றனவா என்பது ஒன்றே பல குடும்பங்களைக் கழித்துவிடும். பூச்சிக்கு மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முடிந்தால் முகம். எந்தச் செடிமேல் இருந்தது என்பதையும் குறியுங்கள். காளானுக்குக் குடையின் அடிப்பக்கமும் தண்டின் அடியும் தெரியாவிட்டால் நிபுணராலும் ஒன்றும் சொல்ல முடியாது. அளவு தெரிய ஒரு ஸ்கேலோ விரல்நுனியோ படத்தில் இருக்கட்டும்.

மங்கலான படம் வருவதற்குப் பெரும்பாலும் கை நடுக்கம் காரணமாக இருக்காது. கேமரா பின்னணியில் குவிந்திருக்கும். உங்கள் உள்ளங்கையைப் பொருளின் அதே தூரத்தில் வைத்துத் திரையைத் தொட்டுக் குவித்துவிட்டு, கையை எடுத்துப் படம் பிடியுங்கள்.

தளமே பெயர் சொல்கிறதே, அதை ஏற்றுக்கொள்ளலாமா?

அதை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பட ஒற்றுமையை வைத்துச் சொல்லும் பெயர் அது. உங்கள் பகுதியில் அதிகம் படம்பிடிக்கப்படாத இனம் என்றால் வேறிடத்து உறவினத்தின் பெயரை நம்பிக்கையோடு சொல்லிவிடும். இனம் வரை போக உங்களிடம் காரணம் இல்லையென்றால் பேரினம், குடும்பம், அல்லது வெறும் "வண்டு" என்பதோடு நிறுத்துங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. எந்த அடையாளமும் போடாமல் விட்ட பதிவு மட்டும் யார் கண்ணிலும் படாமல் தேங்கிவிடும், ஏனென்றால் நிபுணர்கள் தங்கள் குழுவின் பெயரில் வடிகட்டித்தான் தேடுகிறார்கள்.

ஒருவர் என் அடையாளத்தை மறுத்துவிட்டார். என்ன செய்வது?

காரணம் கேளுங்கள். "இதை எந்தப் பண்பை வைத்துப் பிரிக்கிறீர்கள்?" என்ற ஒரு வரிக் கேள்விக்குப் பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியாகப் பதில் சொல்வார்கள், பல வருடம் பூச்சி பார்த்தவரிடம் இலவசமாகப் பாடம் கேட்கும் வாய்ப்பு அது. புரிந்து ஒப்புக்கொண்டால் உங்கள் அடையாளத்தை மாற்றுங்கள். புரியாவிட்டால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். மரியாதைக்காக "ஆமாம்" போடாதீர்கள்: உங்கள் ஆமாம் ஒரு வாக்காக எண்ணப்படும், சுயமாகத் தெரியாத இரண்டாவது வாக்கால் தப்பான பெயர் ஆய்வுத் தரம் ஏறிவிடும்.

ஒருவரைப் பெயர் சொல்லி உதவிக்கு அழைப்பதாக இருந்தால், என்ன பார்த்தீர்கள், எதுவரை வந்தீர்கள், எந்த இரண்டுக்கு நடுவே சந்தேகம் என்று மூன்று வரி எழுதுங்கள். ஒரே நாளில் நாற்பது பதிவுகளில் ஒருவரையே அழைக்க வேண்டாம். அவரும் தன்னார்வலர்தான்.

ஈபேர்ட் பறவைப் பட்டியலில் "முழுமையான பட்டியல்" என்கிறார்களே, எல்லாப் பறவையும் எனக்குத் தெரியாதே?

எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று பொருளல்ல. பார்த்தும் கேட்டும் அடையாளம் தெரிந்தவற்றில் எதையும் வேண்டுமென்று விடவில்லை என்பதே பொருள். காக்கையும் மைனாவும் "சாதாரணம்தானே" என்று விட்டால் அது முழுமையான பட்டியல் இல்லை. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது முக்கியம்: முழுமையான பட்டியலில் ஒரு பறவை இல்லையென்றால், அந்த இடத்தில் அந்த நேரத்தில் அது கண்டறியப்படவில்லை என்று கணக்கிட முடியும். அரிய பறவை மட்டும் உள்ள பட்டியலிலிருந்து அப்படி எதுவும் சொல்ல முடியாது.

தொடங்கிய நேரம், எத்தனை நிமிடம், எவ்வளவு தூரம், எத்தனை பேர் ஆகிய நான்கும் வேண்டும். போன வழியிலேயே திரும்பினால் ஒருவழித் தூரத்தை மட்டும் எழுதுங்கள். எண்ணிக்கை உறுதியாகத் தெரியாவிட்டால் மதிப்பிட்டு ஓர் எண் போடுங்கள்; "இருந்தது" என்று மட்டும் சொல்வதைவிடத் தோராய எண் பயன்படும். ஒலியைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலி சொன்னது என்பதற்காக மட்டும் ஒரு பறவையைச் சேர்க்காதீர்கள்.

விண்மீனின் ஒளியைக் கண்ணால் அளப்பது எப்படி?

இரண்டு விண்மீன்களுக்கு நடுவே வைத்துப் பார்ப்பதுதான் முறை. தொடங்க நல்ல விண்மீன் கழுகுக் குழுவில் உள்ள ஈட்டா அக்விலே. வானநடுவரைக்கு (பூமியின் நடுவரைக்கு நேர் மேலே வானில் உள்ள கோட்டுக்கு) மிக அருகே இருப்பதால் பூமியின் இரு அரைக்கோளங்களிலிருந்தும் தெரியும். 7.18 நாளுக்கு ஒருமுறை ஏறக்குறைய 3.5-க்கும் 4.3-க்கும் இடையே ஒளி மாறும். எண் கூடினால் ஒளி குறைவு என்பதை மறக்க வேண்டாம்.

ஏஏவிஎஸ்ஓ தளத்தில் பதிவுசெய்து உங்களுக்கான பார்வையாளர் குறியீட்டைப் பெறுங்கள். விண்மீன் பெயரைக் கொடுத்து வரைபடத்தை உருவாக்கி அச்சிடுங்கள். அதில் ஒப்பீட்டு விண்மீன்களின் பக்கத்தில் 37, 44 என்று எண்கள் இருக்கும். புள்ளியை விண்மீன் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகப் புள்ளி இல்லாமல் அச்சிடுகிறார்கள். 37 என்றால் 3.7.

வெளியே வந்து 20 முதல் 30 நிமிடம் கண்ணை இருளுக்குப் பழக விடுங்கள். வரைபடம் பார்க்க மங்கலான சிவப்பு விளக்கு மட்டும். போன் திரையை ஒருமுறை பார்த்தாலும் பழகியது போய்விடும். திருவோணம் என்று நாம் சொல்லும் ஆல்டேரையும் அதன் இருபுறத் துணைகளையும் முதலில் பிடியுங்கள். அந்தத் துணைகளில் மங்கலானது பீட்டா அக்விலே, 3.7. ஐயோட்டா அக்விலே 4.4. ஈட்டா இவை இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்கிறது? பீட்டாவிலிருந்து ஐயோட்டா வரை ஏழு படி என்று வைத்து, மூன்று படி இறங்கியதாகத் தோன்றினால் மதிப்பு 4.0. பீட்டாவைவிடப் பிரகாசமாக இருக்கும் இரவுகளில், அதைவிடப் பிரகாசமான டெல்டா அக்விலேயை, 3.4, மேல் எல்லையாக எடுங்கள். எல்லைக்கு வெளியே ஊகித்து நீட்டக் கூடாது. எப்போதும் ஒன்று பிரகாசமாக, ஒன்று மங்கலாக, இரண்டு வேண்டும்.

உடனே எழுதுங்கள்: நேரம், மதிப்பு, பயன்படுத்திய இரண்டு ஒப்பீடுகள், வரைபட எண், நிலா, மேகம், ஐயம். முந்தைய நாள் மதிப்பைப் பார்க்காமல் எழுதுங்கள். "இன்று இறங்கியிருக்க வேண்டும்" என்று தெரிந்தால் கண்ணும் இறக்கியே காட்டும்.

இந்த விண்மீனின் ஒளி மாறுவதை 1784-இல் கண்டவர் எட்வர்ட் பிகாட். அவருடைய நண்பர் ஜான் குட்ரிக், காது கேளாதவர், அதற்கு முந்தைய ஆண்டுதான் அல்கோல் என்ற மற்றொரு ஒளிமாறும் விண்மீனின் காலமுறையை வெளியிட்டிருந்தார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. இருவரும் ஒருவர் குறிப்பை மற்றவர் சரிபார்த்துக்கொண்டார்கள். நீங்கள் செய்யப்போவதும் அதே முறைதான்.

ஜூலியன் நாள் என்கிறார்களே, அது என்ன? ஏன் எல்லோரும் அதில் தப்புகிறார்கள்?

விண்மீன் பதிவில் நேரத்தைக் குறிக்க, நாள்களைத் தொடர்ச்சியாக எண்ணும் முறை. 2000 ஜனவரி 1, உலகப் பொது நேரம் நண்பகல் 12 மணி என்பது 2451545.0. அன்று மாலை 6 மணி 2451545.25, பிற்பகல் 3:36 என்றால் 2451545.15. நாள் நண்பகலில் தொடங்குவதால் நள்ளிரவு எப்போதும் .5-இல் முடியும்.

தவறுகள் மூன்று விதம். உள்ளூர் நேரத்தை உலகப் பொது நேரமாக மாற்றாமல் போடுவது. நள்ளிரவு தாண்டிய பிறகு தேதியை மாற்ற மறப்பது. நண்பகல் தொடக்கத்தை மறந்து அரை நாள் பிசகுவது. ஏழு நாள் காலமுறை உள்ள விண்மீனில் ஒரு நாள் பிழை என்றால் வளைகோட்டில் புள்ளி வேறிடத்தில் போய் நிற்கும். மதிப்பு சரியாக இருந்தும் பயனில்லை. தளத்திலேயே மாற்றித் தரும் வசதி இருக்கிறது. ஆனாலும் முதல் பத்து முறை கையால் கணக்கிட்டுச் சரிபாருங்கள்.

என் மதிப்பு மற்றவர்களுடையதிலிருந்து 0.3 தள்ளி நிற்கிறது. கண் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. கண்மதிப்பீட்டில் 0.2, 0.3 சிதறல் இயல்பு. தொடர்ந்து ஒரே பக்கம் தள்ளி நின்றால் காரணம் தேடுங்கள். சிவப்பு விண்மீனை உற்றுப்பார்த்துக்கொண்டே இருந்தால் அது நேரம் ஆக ஆகப் பிரகாசமாகத் தோன்றும். சட்டென்று பார்த்துப் பார்வையை நகர்த்துங்கள். இரண்டு விண்மீன்களில் கண்ணுக்கு எந்தப் பக்கம் எது விழுகிறது என்பதும் ஒளியை மாற்றிக் காட்டும்; அவற்றைச் சேர்க்கும் கோடு உங்கள் இரு கண்களைச் சேர்க்கும் கோட்டுக்கு இணையாக இருக்கும்படி தலையைச் சாய்த்துக்கொள்ளுங்கள். அடிவானத்துக்கு அருகே இருக்கும் விண்மீனை உச்சியில் இருப்பதோடு ஒப்பிட்டால் நடுவே உள்ள காற்று ஒளியைக் குறைத்துவிடும்.

மற்றவர்கள் மதிப்புக்குப் பொருந்தும்படி உங்களுடையதைத் திருத்தி அனுப்புவதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

விண்மீன் தெரியவே இல்லை. அப்போது அனுப்ப ஒன்றும் இல்லையே?

இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த மிக மங்கலான ஒப்பீட்டு விண்மீன் 6.5 என்றால், "6.5-ஐவிட மங்கல்" என்று பதிவு செய்யலாம்; அதற்கு < குறி உண்டு. திடீரென்று வெடித்துப் பிரகாசிக்கும் விண்மீன்களில், முந்தின இரவு அது தெரியவில்லை என்ற பதிவுதான் வெடிப்பு தொடங்கிய நேரத்தைக் கட்டிப்போடும்.

இந்தத் தரவை என் கல்லூரித் திட்டத்துக்குப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. ஈட்டா அக்விலேயை 25, 30 இரவுகள் அளந்து, ஒவ்வொரு நேரத்தையும் (ஜூலியன் நாளில்) 7.18-ஆல் வகுத்து மிச்சப் பின்னத்தை மட்டும் கிடை அச்சில் வைத்து வரையுங்கள். சட்டென ஏறி மெதுவாக இறங்கும் வளைகோடு உங்கள் சொந்த அளவீட்டிலிருந்தே எழும். பிறகு தரவுத்தளத்தில் உள்ள மற்றவர்களின் புள்ளிகளை அதன்மேல் வையுங்கள்.

உயிரினத் தரவில் எச்சரிக்கை வேண்டும். மக்கள் சாலையோரத்திலும் விடுமுறை நாளிலும் அழகான உயிர்களையுமே அதிகம் பதிகிறார்கள். எனவே "பதிவு கூடியது" என்பதை "உயிரினம் கூடியது" என்று படிக்கக் கூடாது. பதிந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்தாவது பாருங்கள். தரவை எடுத்த நாளையும், தளம் கேட்கும் நன்றிக்குறிப்பையும், உரிம நிபந்தனையையும் அறிக்கையில் சேருங்கள்.

இருக்கும் இடம் எல்லோருக்கும் தெரிந்துவிடுமே?

வீட்டுப் பதிவுகளுக்கு இடத்தை மறைக்கும் தெரிவு ஐநேச்சுரலிஸ்டில் உண்டு. அதைப் பயன்படுத்துங்கள், புனைபெயரும் வைக்கலாம். அழியும் நிலையில் உள்ள இனங்களின் இடத்தைத் தளமே மங்கலாக்கிவிடும், ஆனால் விளக்கத்தில் நீங்கள் வழி எழுதினால் அந்த மறைப்பு வீண். பறவைக் கூட்டின் துல்லிய இடத்தை எங்கும் எழுத வேண்டாம். 13 வயது நிறையாதவர்கள் பெற்றோர் ஒப்புதலோடுதான் சேர வேண்டும்.

தவறான தரவை அனுப்பிவிட்டேன். யாரிடம் சொல்வது?

பெரும்பாலும் நீங்களே திருத்தலாம். உங்கள் பதிவைத் திறந்து மாற்றினால் போதும். பல பதிவுகளில் ஒரே பிழை, உதாரணமாக மாதம் முழுவதும் நேர மண்டலம் தப்பு, என்றால் ஒவ்வொன்றாகத் தேடாமல் குறிப்பேட்டை வைத்து முதலில் பட்டியல் எடுங்கள்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை மணி நேரம் பிசகு. அந்தப் பட்டியலோடு தளத்தின் நிர்வாகிகளுக்கு எழுதினால் மொத்தமாகத் திருத்த வழி சொல்வார்கள். குறிப்பேட்டில் பழைய எண்ணை அழிக்காமல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் புதியதையும் திருத்திய நாளையும் எழுதி வையுங்கள்.